கூழும் மீசையும்: ஊர் அடையாளத்தை விடாமல் பெரிய வீரர்களைக் கொண்டுவர முடியுமா?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆதரிக்கும் கால்பந்து கிளப்பில் இத்தனை வருடமும் பாதிக்கு மேல் உள்ளூர்ப் பையன்கள் ஆடினார்கள். இப்போது புது நிர்வாகம் வந்திருக்கிறது. பெயர் பெற்ற வீரர்களை வாங்கப் போவதாக அறிவித்திருக்கிறது. ஊர் அடையாளத்தை வைத்துக்கொண்டே பெரிய வீரர்களையும் இழுக்க முடியுமா, இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு மூன்று முறை படித்த பிறகு, அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் பட்டது: நாளைக்கு ஜெயித்தாலும் அது எங்கள் ஜெயமாக இருக்குமா? உங்களுக்கு உண்மையில் தூக்கம் கெடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். அதனால் இதற்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் பதினாறு வருடம் கிளப் அகாடமிகளில் 15 முதல் 19 வயதுப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தவன். சில வருடம் வீரர் தேர்விலும் இருந்தேன். டிரான்ஸ்பர் பேரம் நடக்கும் அறைக்குள் உட்கார்ந்ததில்லை. ஆகவே பணத்தைப் பற்றி நான் சொல்வது ஊரறிந்த தொகைகளை வைத்துத்தான். பையன்களைப் பற்றிச் சொல்வது கண்ணால் பார்த்ததை வைத்து.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று இதை நிறையப் பேர் தள்ளிவிடுவார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். இரண்டும் கிடைக்கும். ஆனால் அடையாளத்துக்கு ஒரு விலை உண்டு. ஒருமுறை கட்டித் தீர்த்துவிடும் விலை இல்லை, வாடகை மாதிரி ஒவ்வொரு சீசனும் கட்ட வேண்டியது. அந்த வாடகை என்ன என்று தெரிந்து கட்டும் கிளப்கள் நன்றாக இருக்கின்றன. தெரியாமல் வாயால் மட்டும் பெருமை பேசும் கிளப்கள்தான் கடைசியில் இரண்டையும் இழக்கின்றன.

இதற்கு உலகத்திலேயே தெளிவான உதாரணம் ஸ்பெயினின் பில்பாவோ நகரத்து அத்லெட்டிக் கிளப். 1898இல் தொடங்கியது. 1912 வாக்கிலிருந்து, தனி மொழியும் பண்பாடும் கொண்ட பாஸ்க் பகுதி வீரர்களை மட்டுமே ஆடவைக்கிறது. அந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே கால்பந்து கற்று வளர்ந்திருக்க வேண்டும். மொத்தமே சுமார் 30 லட்சம் மக்கள் உள்ள பகுதி அது. மற்ற கிளப்கள் உலகம் முழுக்க வலை வீசும்போது இவர்கள் ஒரு குளத்தில் மட்டும் மீன் பிடிக்கிறார்கள். அப்படியிருந்தும் ஸ்பெயினின் முதல் டிவிஷனிலிருந்து ஒருமுறைகூடக் கீழே இறங்காத கிளப்கள் மூன்றே மூன்று: ரியல் மாட்ரிட், பார்சிலோனா, இவர்கள். லீக்கை எட்டு முறை வென்றிருக்கிறார்கள். 2024-25 சீசனில் நான்காம் இடம் பிடித்து சாம்பியன்ஸ் லீக்குக்குப் போனார்கள்.

இதைக் கேட்டதும், "பார்த்தீர்களா, உள்ளூர்ப் பையன்களை வைத்தே சாதிக்கலாம்" என்று சொல்லத் தோன்றும். சரி, ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். அந்த எட்டில் கடைசி லீக் பட்டம் 1984இல் வந்தது. அதே 1984இல் ஸ்பானிஷ் கோப்பையையும் வென்றார்கள். அடுத்து அந்தக் கோப்பை கைக்கு வர 2024 ஏப்ரல் ஆனது. செவில்லில் நடந்த இறுதிப் போட்டியில் மயோர்காவைப் பெனால்டியில் வீழ்த்தினார்கள். இடையில் 40 வருடம். 1984 வெற்றியை அப்பாவோடு போய்ப் பார்த்த பையன் 2024இல் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். வென்றால் கபர்ரா என்ற தட்டைப் படகில் கோப்பையை ஏற்றி நகரத்தின் ஆற்றில் பவனி வருவது அவர்கள் வழக்கம். அந்தப் படகு 40 வருடம் காத்துக் கிடந்தது. அது மறுபடி புறப்பட்ட அன்று இரு கரையிலும் லட்சக்கணக்கில் ஜனம் நின்றது. அந்த மகிழ்ச்சியைப் பணம் கொடுத்து வாங்க முடியாது என்பது உண்மை. அதற்குக் கொடுத்த விலை 40 வருடம் என்பதும் உண்மை.

அவர்கள் பணத்தைக் கையாளும் விதமும் இந்தக் கொள்கையிலிருந்துதான் பிறக்கிறது. மற்ற கிளப்கள் ஒரு நல்ல வீரனை விற்று, அந்தப் பணத்தில் மூன்று பேரை வாங்கும். அத்லெட்டிக்குக்கு அது முடியாது. விற்றால் பணம் வரும், ஆனால் வாங்க ஆள் இருக்காது. அதனால் விருப்பப்பட்டு விற்பதே அபூர்வம். ஸ்பெயினில் வீரர் ஒப்பந்தத்தில் ரிலீஸ் கிளாஸ் என்று ஒரு தொகை எழுதியிருக்கும். அதை முழுதாகக் கட்டினால் கிளப் மறுக்க முடியாது. அந்தத் தொகையைக் கட்டித்தான் 2018 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டி தடுப்பாட்டக்காரர் லப்போர்த்தை 6.5 கோடி யூரோவுக்கு எடுத்தது. அதே ஆண்டு செல்சி கோல்கீப்பர் கெப்பாவுக்கு 8 கோடி யூரோ கட்டியது. லப்போர்த் போன சூட்டோடு சூடாக அத்லெட்டிக் என்ன செய்தது தெரியுமா? பக்கத்து ஊர்ப் பரம எதிரியான ரியல் சொசியெதாத்திடம் போய், இனிகோ மார்த்தினெஸுக்கு 3.2 கோடி யூரோ கட்டி எடுத்து வந்தது. உலகத்தில் அந்த இடத்தில் ஆட எத்தனையோ பேர் இருந்தார்கள். இவர்களுக்குப் பொருந்துகிறவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அது விற்கிறவருக்கும் தெரியும். வேறு கடை இல்லாத வாடிக்கையாளரிடம் யார் விலையைக் குறைப்பார்கள்?

மெக்சிகோவின் குவாதலஹாரா கிளப்பும் (சீவாஸ் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்) மெக்சிகோ வீரர்களை மட்டும் ஆடவைக்கும் கொள்கையால் இதே சிக்கலில்தான் இருக்கிறது. 2006க்குப் பிறகு அடுத்த லீக் பட்டம் அவர்களுக்கு 2017இல்தான் வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். அத்லெட்டிக் கீழே இறங்கவே இல்லை என்பது உறுதியான தகவல். அந்தக் கொள்கையால்தான் இறங்கவில்லை என்பது அப்படி உறுதியானது இல்லை. பாஸ்க் பகுதி ஸ்பெயினின் வளமான பகுதிகளில் ஒன்று. சான் மாமெஸ் ஸ்டேடியத்தில் 53,000 பேர் உட்காரலாம். நூறு வருடத்துக் கால்பந்துப் பழக்கம் அந்த மண்ணில் ஊறிக் கிடக்கிறது. பில்பாவோ பக்கத்து லெசாமாவில் 1971இலிருந்து அவர்கள் அகாடமி நடக்கிறது. இவையெல்லாம் இல்லாத ஓர் ஊர் அதே விதியைக் காப்பியடித்தால் இரண்டு சீசனில் கீழே போய்விடும் என்பது என் கணிப்பு. கணிப்புதான், நிரூபணம் இல்லை.

இந்தச் சந்தேகத்தைக் கொஞ்சம் தீர்த்துவைக்கப் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. பில்பாவோவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி சான் செபஸ்தியான். அங்கேதான் ரியல் சொசியெதாத். அவர்களும் பாஸ்க் வீரர்களை மட்டும் ஆடவைத்தவர்கள்தான். அப்படி ஆடியே 1981, 1982 இரண்டு வருடமும் லீக்கை வென்றார்கள். பிறகு 1988இல் பக்கேரோ, பெகிரிஸ்தாயின், லோப்பெஸ் ரெகார்த்தே மூன்று பேரும் ஒரே கோடையில் பார்சிலோனாவுக்குப் போனார்கள். மீதி இருக்கும் பாஸ்க் வீரர்களை வாங்கப் பணக்கார அத்லெட்டிக்குடன் போட்டி போடவும் முடியவில்லை. 1989இல் கொள்கையைத் தளர்த்தி, லிவர்பூலிலிருந்து அயர்லாந்து வீரர் ஜான் ஆல்ட்ரிட்ஜைக் கொண்டுவந்தார்கள். ரசிகர்களில் ஒரு பகுதிக்கு அது துரோகமாகவே பட்டது.

அப்புறம் என்ன ஆயிற்று? 2003இல் ரியல் மாட்ரிட்டுக்கு இரண்டு புள்ளி பின்னால் இரண்டாம் இடம். முன்வரிசையில் செர்பியாவின் கோவாசெவிச்சும் துருக்கியின் நிஹாத்தும். நடுவில் பந்தைப் பிரித்துக் கொடுத்தவர் அந்த அகாடமியிலேயே வளர்ந்த சபி அலோன்சோ. இதுவே நல்ல கலவை என்று எல்லோரும் நினைத்தார்கள். நான்கே வருடத்தில், 2007இல், இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள். கதவைத் திறந்ததால் உயர்ந்தார்கள் என்று சொல்லலாம், அதே வாயால் கதவைத் திறந்ததால் விழுந்தார்கள் என்றும் சொல்லலாம். இரண்டும் அரைகுறை. என் பார்வையில் முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது: கீழே போனபோது அகாடமியை மூடாமல் அதன்மேலேயே எழுந்து வந்தார்கள். 2021 ஏப்ரலில், கொரோனாவால் தள்ளிப்போயிருந்த 2020 கோப்பை இறுதிப் போட்டியில், அதே அத்லெட்டிக்கை 1-0 என்று வென்றபோது பெனால்டி கோல் அடித்தவர் ஒயார்சபால், அவர்கள் அகாடமிப் பையன். வெளியூர் வீரர்கள் வந்தும் அந்த அணியின் முதுகெலும்பு உள்ளூரிலேயே இருந்தது.

இந்த இடத்தில் "உள்ளூர்" என்றால் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அத்லெட்டிக்கின் இனாக்கி வில்லியம்ஸின் பெற்றோர் கானாவிலிருந்து சஹாரா பாலைவனத்தை நடந்து கடந்து வந்தவர்கள். அம்மா அப்போது கர்ப்பிணி. பில்பாவோவில் தங்களுக்கு உதவிய பாதிரியாரின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். இனாக்கி 2016இலிருந்து 2023 வரை தொடர்ந்து 251 லீக் ஆட்டங்களில் ஒன்றுகூட விடாமல் ஆடினார். பம்ப்லோனாவில் பிறந்த தம்பி நிக்கோவும் அதே அணியில். இவர்களைவிடப் பில்பாவோக்காரர் யார் இருக்க முடியும்? அந்தப்பக்கம் கிரீஸ்மனைப் பாருங்கள். உயரம் போதாது என்று பிரான்ஸ் கிளப்கள் திருப்பி அனுப்பிய பையன், ரியல் சொசியெதாத் அகாடமியில் வளர்ந்து பெரிய ஆட்டக்காரரானார். பார்சிலோனாவின் மெஸ்ஸி அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் பிறந்தவர், இனியெஸ்தா பார்சிலோனா இருக்கும் கத்தலோனியாவுக்கு வெளியே ஒரு சின்ன ஊர்க்காரர். 2012 நவம்பரில் லெவான்தேவுக்கு எதிராக ஒரு கட்டத்தில் பார்சிலோனாவின் பதினொரு பேரும் லா மாசியா அகாடமியில் வளர்ந்தவர்களாக இருந்தார்கள். அதை அந்த ஊர் தன் பெருமையாகக் கொண்டாடியதே தவிர, யார் எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தார் என்று கேட்கவில்லை.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கவுண்டி, அந்த மண்ணில் பிறந்தவர்தான் ஆட வேண்டும் என்று பல தலைமுறை பிடிவாதம் பிடித்தது. 1992இல் அந்த வழக்கத்தை விட்டபோது அவர்களுக்கு ஆடிய முதல் வெளிநாட்டு வீரர் 19 வயது சச்சின் டெண்டுல்கர்.

சரி, வாடகை என்றேனே, அது பணத்தில் மட்டும் கட்டுவதில்லை. பெரும்பகுதி ஆட்ட நிமிடங்களில் கட்டுவது. என்னிடம் ஓர் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரன் இருந்தான். பதினெட்டு வயது. வேகம், தைரியம், நல்ல இடது கால். ஒரே குறை, பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது உள்ளே நகர்ந்து இடத்தை மூடமாட்டான். தன் ஆளையே பார்த்துக்கொண்டு நிற்பான். முதல் அணியில் ஆறு ஆட்டம் கொடுத்தார்கள். மூன்றாவது ஆட்டத்தில் அவன் திறந்துவிட்ட இடத்தின் வழியே கோல் விழுந்தது. திங்கட்கிழமை காலை நானும் அவனும் அந்த எட்டு வினாடி வீடியோவைப் பத்துப் பதினைந்து முறை ஓட்டிப் பார்த்தோம். ஐந்தாவது ஆட்டத்தில் அதே சூழ்நிலை வந்தது. திரும்பிப் பார்த்தான், மூன்று அடி உள்ளே வந்தான், பந்தைத் தலையால் வெளியே தள்ளினான். கேலரியில் யாருக்கும் அது தெரிந்திருக்காது. எனக்குக் கண் கலங்கியது. ஆறாவது ஆட்டம் தோற்றதும், அடுத்த வாரம் முப்பது வயது வீரர் ஒருவரைக் கடனுக்கு எடுத்தார்கள். அவரும் நல்ல ஆட்டக்காரர்தான், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பையன் மீதி சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்தான், சீசன் முடிந்ததும் வேறு கிளப்புக்குப் போய்விட்டான். அவன் கற்று முடித்த பாடம் அடுத்த கிளப்புக்குப் பயன்பட்டது. அந்தப் பாடத்துக்கான விலையை, அந்த ஒரு கோலை, நாங்கள் ஏற்கெனவே கட்டியிருந்தோம்.

அதனால்தான் ஒரு பெரிய வீரரை வாங்குவதா வேண்டாமா என்ற விவாதம் எனக்குப் பாதிதான் முக்கியம். எந்த இடத்துக்கு வாங்குகிறார்கள், அந்த இடத்தில் அகாடமியிலிருந்து யார் வந்துகொண்டிருக்கிறார், அவர் தலைமேல் வாங்குகிறார்களா பக்கத்தில் வாங்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். நல்ல அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் ஆடினால் பையன் ஒரு வருடத்தில் கற்பதை நான் மூன்று வருடத்தில்கூடச் சொல்லிக்கொடுக்க முடியாது. தினமும் பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்னால் வந்து உடம்பைத் தயார்செய்யும் ஒரு மூத்த வீரரைப் பார்த்துவிட்டு, என் பையன்கள் நால்வர் யாரும் சொல்லாமலே சீக்கிரம் வரத் தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உள்ளூர்ப் பையனுக்குச் சுமை அதிகம். அவன் முதல் தடவை பந்தைத் தவறவிட்டால் கேலரி கைதட்டி உற்சாகப்படுத்தும். அதே தவறை வாங்கி வந்தவர் செய்தால் கூச்சல்தான். ஆனால் தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றால், வாங்கி வந்தவர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருக்கலாம். பையன் போகவேண்டிய தெருவெல்லாம் அவனைத் தெரிந்தவர்கள். அவன் அம்மாவிடமே வந்து கேட்பார்கள். அடையாளம் என்ற பாரத்தைப் பதினெட்டு வயதுத் தோளில் வைக்கிறோம் என்பதை ரசிகர்களாகிய நாமும் நினைவில் வைக்க வேண்டும்.

விதிகள் இதைக் காப்பாற்றாதா என்றால், ஓரளவுக்குத்தான். 1967இல் ஸ்காட்லாந்தின் செல்டிக் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது இறுதிப் போட்டியில் ஆடிய பதினொரு பேருமே கிளாஸ்கோவைச் சுற்றி 30 மைலுக்குள் பிறந்தவர்கள். அந்தக் காலம் திரும்பாது. 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த போஸ்மன் தீர்ப்பு, ஐரோப்பிய ஒன்றியத்து வீரர்களை வெளிநாட்டவர் என்று சொல்லி, இத்தனை பேர்தான் ஆடலாம் என்று கட்டுப்படுத்துவதைத் தடுத்தது. ஒப்பந்தம் முடிந்தவர் இலவசமாகப் போகலாம் என்றும் ஆக்கியது. நான்கே வருடத்தில், 1999 டிசம்பர் 26 அன்று, செல்சி ஓர் இங்கிலாந்து வீரர்கூட இல்லாத பதினொருவருடன் ஆட்டத்தைத் தொடங்கியது. பிறகு ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு, 25 பேர் பட்டியலில் எட்டு இடத்தை உள்நாட்டில் பயிற்சி பெற்றவர்களுக்கு ஒதுக்கியது. ஆனால் 15 வயதிலிருந்து 21 வயதுக்குள் மூன்று வருடம் அங்கே இருந்தால் போதும், எந்த நாட்டவராகவும் இருக்கலாம். 16 வயதில் பார்சிலோனாவிலிருந்து அர்செனலுக்கு வந்த ஃபாப்ரேகாஸ் அந்தக் கணக்கில் இங்கிலாந்தில் வளர்ந்தவர். விதியை நம்பிப் பயனில்லை. கிளப்புக்கே மனம் இருக்க வேண்டும்.

பெரிய வீரர்கள் அடையாளம் உள்ள கிளப்புக்கு வர விரும்புவார்களா என்பதில்தான் எனக்கு உறுதி குறைவு. 2025இல் பார்சிலோனா கூப்பிட்டும் நிக்கோ வில்லியம்ஸ் பில்பாவோவிலேயே 2035 வரை ஒப்பந்தம் போட்டார். 2024இல் லிவர்பூல் கூப்பிட்டபோது நடுக்கள வீரர் சுபிமெந்தி ரியல் சொசியெதாத்தில் இருந்துவிட்டார். ஆனால் அடுத்த வருடமே அர்செனலுக்குப் போனார். இருவரும் அந்த மண்ணில் வளர்ந்தவர்கள். அடையாளம் தன் பிள்ளைகளைக் கொஞ்ச காலம் கூடுதலாகப் பிடித்துவைக்கும் என்று மட்டும் இதிலிருந்து சொல்லலாம். வெளியூர் வீரர் ஒருவர் வருவதற்குச் சம்பளமும், ஆடக் கிடைக்கும் வாய்ப்பும், நம்பும் பயிற்சியாளரும்தான் முதல் காரணங்கள் என்பது நான் பார்த்தவரை. நிரம்பி வழியும் கேலரி நான்காவது காரணமாக இருக்கலாம்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். வெளியூர்க்காரர்கள் ஜெயித்தால் அது நம் ஜெயமா? ரசிகர்கள் உண்மையில் எப்போது பொங்குகிறார்கள் என்று பாருங்கள். வேல்ஸின் கார்டிஃப் சிட்டி கிளப் உரிமையாளர் 2012இல் நீல ஜெர்சியைச் சிவப்பாக்கினார். அந்தச் சிவப்பிலேயே அணி பிரிமியர் லீக்குக்கு உயர்ந்தது. அப்படியும் ரசிகர்கள் நீலத்தைக் கேட்பதை விடவில்லை. 2015இல் நீலம் திரும்பியது. 2020இல் மோகன் பகான் கிளப்பின் பெயர் ஏடிகே மோகன் பகான் என்று மாறியபோது கொல்கத்தாவில் எழுந்த எதிர்ப்பும் அப்படித்தான். 2023இல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்ற அன்றே, முன்னால் ஒட்டியிருந்த ஏடிகே என்ற பெயரை எடுப்பதாக உரிமையாளர் அறிவித்தார். இந்த இரண்டு இடத்திலும் வெளிநாட்டு வீரர் ஆடுவதை யாரும் எதிர்க்கவில்லை. தங்களைக் கேட்காமல் தங்கள் நிறத்தையும் பெயரையும் மாற்றியதுதான் சுட்டது. வெளியிலிருந்து வந்தவரை ஊர் தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்ளும், ஆனால் ஊரை வெளியாளாக நடத்தினால் ஏற்காது. என் அனுபவமும் இதுவே.

ஆகவே உங்கள் நிர்வாகம் கூட்டம் கூட்டினால், யாரை வாங்கப் போகிறீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அதற்குப் பளபளப்பான பதில் எப்போதும் தயாராக இருக்கும். போன மூன்று சீசனில் அகாடமிப் பையன்கள் முதல் அணியில் மொத்தம் எத்தனை நிமிடம் ஆடினார்கள், வரும் சீசனில் எத்தனை நிமிடம் திட்டமிட்டிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் இறக்கிவிட்டதைத் தனியாகப் பிரித்துக் கேளுங்கள். அகாடமிச் செலவு கூடுமா குறையுமா என்றும், வாங்கப் போகும் ஒவ்வொருவரின் இடத்திலும் வளர்ந்துவரும் பையன் யார் என்றும் கேளுங்கள். இதற்குத் தயங்காமல் பெயர் சொன்னார்கள் என்றால், பெரிய வீரர் வருவதைப் பற்றிக் கவலைப்படாமல் போய்க் கைதட்டுங்கள். "பார்க்கலாம், அவர்களுக்கும் வாய்ப்பு உண்டு" என்று மட்டும் பதில் வந்தால், உங்கள் பயம் சரியான பயம். அந்த நிமிடக் கணக்கு கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள். வயதுவாரியாகவும் இடவாரியாகவும் பிரித்து என்ன தெரிகிறது என்று உட்கார்ந்து பார்க்கிறேன்.